கறுப்பு விலாங்குப் பக்கத்தில் மூன்று கழித்தல்கள்

மார்ச் 4: +318
மார்ச் 4: −318
மார்ச் 6: +297
மார்ச் 6: −297
மார்ச் 9: +340
மார்ச் 9: −340

இது ஒரு விக்கிப் பக்கத்தின் வரலாறு. கடலில் படகோட்டி மீன் பிடிக்கும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. எந்த மீன் எங்கே கிடைக்கும், எப்போது கடிக்கும் என்று அதை விளையாடுகிறவர்களே கூடி எழுதி வைக்கும் தளம் அது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். சேர்த்த எழுத்துகளுக்குக் கூட்டல், நீக்கியவற்றுக்குக் கழித்தல். மேலே உள்ள கூட்டல்கள் மூன்றும் ஒரு பேருந்து ஓட்டுநர் எழுதியவை. காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவர். கழித்தல்கள் மூன்றும் ‘பூட்டு’ என்று எல்லாரும் அழைக்கும் நிர்வாகியின் வேலை. நீக்கினால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று தடவையும் அது காலி. மூன்றாவது தடவை பக்கத்தையே பூட்டிவிட்டார்; பூட்டியவர்தான் திறக்கலாம் என்பது அங்கே விதி.

ஓட்டுநரின் அக்கா பொய்ப்பல் செய்கிறவள். பல் மருத்துவமனைக்குப் பின்னால், ஜன்னலை முழுதாகத் திறக்க முடியாத ஒரு நீள அறை அவளுடையது. சுவர் நெடுக யார் யாருடைய தாடைகளோ சுண்ணாம்பு வார்ப்பில் வாய் பிளந்து நிற்கும். பல் செட் கடிப்பில் உட்காரவில்லை என்றால் ஓர் இடத்தில் மட்டும் லேசாக அரம் போட்டுப் பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த இடம். இரண்டு இடத்தை ஒன்றாகத் தேய்த்துவிட்டால் கோளாறு எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

அந்த விக்கியில் அவள் முதலில் எழுதியதும் இப்படித்தான் காணாமல் போனது. ஒரு தீவுக்கு வழி எழுதியிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இல்லை. ஏன் என்று சொல்லவும் ஆளில்லை. இரண்டு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. திரும்பி வந்தவள் முதலில் செய்த வேலை, ‘புதியவர் மேசை’ என்று ஒரு பக்கம் திறந்ததுதான். அதன் தலையில் ஒரு வரி: “இங்கே நீங்கள் எழுதுவது உங்கள் பெயரில் இருக்கும், எடுத்தால், ஏன் என்று உங்களிடம் சொல்லப்படும்.”

வருகிறவர்களை முதலில் மணல்தொட்டியில் எழுதச் சொல்வாள். தப்பாகப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லாத பக்கம் அது. புதியவர்கள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான். மஞ்சள் படகில் போன அன்று சுறா கிடைத்திருக்கும். ‘சுறாவுக்கு மஞ்சள் படகு வேண்டும்’ என்று எழுதிவிடுவார்கள்.

“உங்களுக்கு நடந்ததை எழுதாதீங்க. யாருக்கும் நடக்குறதை எழுதுங்க,” என்பாள். “எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒண்ணே ஒண்ணை மாத்திப் பாருங்க.”

கால் முறிந்த தம்பியை அங்கே இழுத்து வந்ததும் அவள்தான். வீட்டில் இருந்தபடி மனைவியின் சமையலுக்கு உப்புக் காரம் சொல்லிக்கொண்டிருந்தான். “இவரை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்க அண்ணி, உங்களுக்குக் கோடி புண்ணியம்,” என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

கறுப்பு விலாங்கு புயல் நாளில் மட்டுமே கடிக்கும் என்று விக்கியில் ஆறு வருஷமாக இருந்தது. தம்பிக்கோ காற்றே இல்லாத கடலில் கிடைத்தது. பேருந்தைக் கடைசி நிறுத்தத்தில் போட்டால் பேட்டரி இறங்காமல் இருக்க விளக்கை அணைப்பது அவன் கைப்பழக்கம். படகை நிறுத்தியதும் அதே கை படகு விளக்கையும் அணைத்துவிட்டது. விலாங்கு வந்து கடித்தது. அக்கா சொன்னபடி அதே இடம், அதே இரை, விளக்கை மட்டும் மாற்றிப் பார்த்தான். எரிந்தால் வரவில்லை, அணைத்தால் வந்தது. புயல் நாளில் ஏன் வந்தது என்பதும் விளங்கிவிட்டது. காற்று விளக்கை அணைத்துவிடும். மின்னல் வெளிச்சத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

இதைத்தான் எழுதினான். இதைத்தான் பூட்டு எடுத்தார்.

மார்ச் 9 மாலை அவள் போனபோது தம்பி மடிக்கணினியை மூடி, அதன்மேல் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்தான்.

“என்னடா இது?”

“கால் வைக்க நல்ல வாட்டமா இருக்கு.”

“தம்பி…”

“வேணாம்க்கா. பஸ்ஸுல வித்அவுட்ல வர்றவனைக்கூட நாங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் இறக்கி விடுவோம். இவர் ஓடுற வண்டியில இருந்து புடிச்சுத் தள்ளுறார். அதுவும் மூணு தடவை.”

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மறுநாள் வேலையில் ஒரு கீழ்த்தாடை வார்ப்பைக் கைதவறி உடைத்தாள். அதுவரை அவள் அங்கே எதையும் உடைத்ததில்லை.

பூட்டு அத்தோடு நிற்கவில்லை. புதியவர் மேசையை மூட வேண்டும், புதியவர்கள் ஆறு மாதம் எந்தப் பக்கத்தையும் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டார். மார்ச் 29, ஞாயிறு மதியம், அவளையும் சேர்த்து நிர்வாகிகள் ஏழு பேரும் குரல் அழைப்பில் கூடினார்கள்.

“விளக்கை அணைச்சா விலாங்கு வருமாம்,” என்றார் பூட்டு. “நாளைக்கு ஒருத்தன் பாட்டுப் பாடினா திமிங்கலம் வரும்னு எழுதுவான். பதினோரு வருஷமா இந்தக் குப்பையைக் கூட்டுறவன் நான்மா. உங்க மேசையில இருந்து வர்றதையும் சேர்த்து.”

அது முழுப் பொய்யும் அல்ல. ஒருவன் ஒரே நாளில் நாற்பது பக்கங்களில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனதைத் துடைத்தவர் அவர்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

“கூட்டுங்க சார், யாரு வேணாம்னா? குப்பையா இல்லையான்னு குனிஞ்சு பார்த்துட்டுக் கூட்டுங்க!”

“உங்க தம்பிங்கிறதால துள்ளுறீங்க.”

“ஆமா, தம்பிதான். தம்பிங்கிறதாலதான் இந்த ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சுது. இதுக்கு முன்னாடி சத்தமில்லாம போனவங்களுக்கெல்லாம் எந்த அக்கா வந்து கேட்டா? விளக்கை அணைச்சுப் பார்த்தீங்களா நீங்க?”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

“எடுக்குறதுக்கு மட்டும் நேரம் இருக்கா?”

நடுவில் மருந்துக்கடைக்காரர் குரல் கேட்டது. கடையில் உட்கார்ந்தபடியே கூட்டத்துக்கு வந்திருந்தவர். “கொஞ்சம் சண்டையை நிறுத்துங்க. நான் விளையாட்டுக்குள்ள படகுலதான் இருக்கேன். இங்க சாயங்காலக் கடல், காத்தே இல்ல. விளக்கை அணைக்கிறேன்.”

தூண்டில் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றும் சத்தம் கேட்டது.

“அடேங்கப்பா! வந்துடுச்சு! கறுப்பு விலாங்கேதான்! இருங்க, இருமல் மருந்துக்கு ஒருத்தர் நிக்கிறார்.”

மற்ற நால்வரும் அங்கேயே சோதித்தார்கள். நால்வருக்கும் வந்தது. மேசை இருக்கட்டும் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று இரண்டு பேர்.

அன்று மாலை விலாங்குப் பக்கத்தைத் திறந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. +352. விளக்கு, காற்று, மின்னல் எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பூட்டு. பக்கம் இன்னும் பூட்டியே இருந்தது.

உடனே அவரை அழைத்தாள்.

“தகவல் சரியாயிடுச்சில்ல? யார் எழுதினா என்னம்மா?”

“யார் எழுதினாலும் ஒண்ணுன்னா உங்க பேரை எடுத்துடுங்க.”

அவர் அழைப்பைத் துண்டித்தார்.

ஏப்ரலில் அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினாள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதில் அவள் கெஞ்சவில்லை. ‘மேசையின் தலையில் உள்ள வரி என் வாக்கு. என் தம்பி எழுதியது அவன் பெயரில் இல்லையென்றால் அந்த வரி பொய். பொய் சொல்லி ஆட்களை அழைத்துவர என்னால் முடியாது. ஓட்டுப் போட்டு நீங்கள் மூட முடியாத மேசையை இந்த மாதக் கடைசியில் நானே மூடுகிறேன். ஏன் என்றும் அதிலேயே எழுதி வைப்பேன்.’

பதில் நாலு வரியில் வந்தது. தான் எழுதியதை எடுத்துவிட்டதாக, மார்ச் 9ஆம் தேதி எழுத்தை மீட்டுவிட்டதாக, பூட்டைத் திறந்ததாக. இனி காரணம் எழுதாமல் எதையும் எடுப்பதில்லை என்று கடைசி வரி.

தம்பி அதற்குள் கட்டுப் பிரித்து, வண்டியும் ஓட்ட ஆரம்பித்திருந்தான். கடைசி நிறுத்தத்தில் நின்றபடி போனில் பக்கத்தைப் பார்த்தான். காரணக் கட்டத்தில், ‘ஓட்டுநர் கண்டது சரி; நீக்கியது என் தவறு’ என்று இருந்தது.

“அக்கா, கட்டத்துல எழுத்தெல்லாம் இருக்கே! கை சுளுக்கிக்கலையா அவருக்கு?”

“மறுபடி எழுதுவியாடா?”

“பார்க்கலாம். வண்டி எடுக்க நேரமாச்சு.”

பார்க்கலாம் என்றால் அவன் பார்க்க மாட்டான். அவளுக்கு அது தெரியும். ஒரு வரி எழுதுவதற்கு ஒரு மனிதனுக்கு இத்தனை நாளா என்று ஆத்திரமாக வந்தது. மேசையில் புதிதாக ஒருவர் காத்திருந்தார். சிவப்புத் தொப்பி போட்டால் கொடுவா கிடைக்கிறதாம், எழுதட்டுமா என்று கேட்டிருந்தார்.

‘தொப்பியை மட்டும் கழற்றிவிட்டு ஒரு தடவை பாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்,’ என்று எழுதினாள்.

பூட்டின் கடிதம் வந்த நாள் ஏப்ரல் 28; மேசையை மூடுவதாக அவள் சொன்ன கெடுவுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.