கதவு அடிச்சது

எங்கள் கார் சிவப்பு. வாங்கிய காலத்தில் அப்படித்தான் இருந்தது. வீடு உள்துறைமுகத்துக்குக் கிட்ட என்பதால் உப்புக்காற்று படிந்து படிந்து, கூரையும் முன்பக்கப் பொனற்றும் பழைய மிளகாய்த்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. சேவிஸ் ஸ்ரேசனில் கொடுத்தால் ‘கட் அன்ட் பொலிஷ்’ செய்து பளபளவென்று தருவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. போன முறை கழுவக் கொடுத்தபோது கால்மிதி ஒன்று மாறி வந்தது. கேட்டதற்கு, “அம்மா, இது உங்கடைதான்” என்று முகத்துக்கு நேரே சாதித்தார்கள். அன்றைக்கு நான்கு ரயரையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். அதில் எனக்கு வெட்கமில்லை. பால்மாப் பைக்கற்றின் திகதியைப் பார்க்காமல், காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒன்றும் வாங்குவதில்லை.

ஆனால் அந்த நாட்களில் என் பெரிய சந்தேகம் வீட்டுக்காரர் மேல்தான். நீங்கள் நினைக்கும் சந்தேகம் இல்லை, அந்த வயதெல்லாம் தாண்டியாயிற்று. எனக்கு அவருடைய கண் மேல் சந்தேகம். முதலில் பழியை மீன்காரன் மேல்தான் போட்டேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத மனிதர், செவுள் கறுத்த பாரையைக் கொண்டுவந்து குசினியில் வைத்தார். நான் சண்டைக்குப் போனேன். மீன்காரன், “ஐயாதான் அம்மா பாத்து எடுத்தவர்” என்றான். அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றுகிறார். படியிறங்கும்போது கால் கொஞ்சம் தடவுகிறது.

“கண் டொக்டரிட்டை ஒருக்காப் போவமே?” என்று கேட்டால், “எனக்குப் பருந்தின்ரை கண். நீர் சும்மா கதை கட்டாதேயும்” என்பார். கண்ணில் பிழை கண்டுபிடித்தால் கார் ஓட விடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. எனக்கு வேறு பயம். மகள் கந்தளாயில் வேலை செய்கிறாள், விடிய முதல் பஸ்ஸில் போய்விடுவாள். பேத்தியைத் தினமும் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர் இவர்தான். அந்தப் பிள்ளை முன் இருக்கையில் இடப்பக்கம் இருந்து கையசைத்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அவர் திரும்பி வரும் வரைக்கும் எனக்கு ஒரு துண்டுப் பாணும் தொண்டையில் இறங்காது. நான் நினைப்பது சரியா, வெறும் சந்தேகமா என்றுதான் தெரியவில்லை. நிச்சயமில்லாமல் ஒரு ஆம்பிளையிடம் கார்த் திறப்பைப் பறிக்க முடியுமா?

காரை நானே பொலிஷ் பண்ணுவதென்று முடிவெடுத்தேன். போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் சொன்னதை நம்பாமல் நாலைந்து பேரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். பொலிஷ் மெசின், இரண்டு வீடு தள்ளி பைபர் போட் திருத்துகிற தம்பியிடம் இரவல். படகின் உடம்பை மினுக்குவதற்கு அவர் வைத்திருப்பது. முன்னால் வட்டமான பஞ்சு பூட்டிச் சுழலும். கொடுக்கும்போது, “மெல்லப் பிடியுங்கோ அக்கா. போட்டுக்குத் தோல் தடிப்பு, காருக்கு மெல்லிசு. ஒரே இடத்திலை நிண்டால் சூட்டிலை பெயின்ற் போயிடும்” என்றார்.

வீட்டுக்காரர் இதை விரும்பவில்லை. “கிடக்கட்டும் விடும்” என்றார். விடமாட்டேன் என்று தெரிந்ததும் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டே இன்னொன்று சொன்னார்.

“அப்ப வலப்பக்கத்தை மட்டும் செய்யும். இடப்பக்கம் வடிவாத்தானே இருக்கு.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் எதையும் வடிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அன்றைக்கே ‘பரவாயில்லை’ என்றுதான் சொன்னாராம். இன்றைக்குக் காரின் இடப்பக்கம் வடிவு! மனதில் குறித்துக்கொண்டேன்.

காரை மாமர நிழலில் விட்டுக் கழுவித் துடைத்து, றப்பர் ஓரங்களுக்கெல்லாம் ரேப் ஒட்டினேன். பொனற்றில் தொடங்கினேன். கொம்பவுண்ட் என்கிற வெள்ளைப் பசையைப் பஞ்சில் வைத்து, பஞ்சைக் காரில் வைக்க முன்னமே மெசினின் ஆளியை அமத்திவிட்டேன். பசை பறந்தது. என் கண்ணாடி, சட்டை, மாமரம், கொடியில் கிடந்த அவருடைய சாரம் எல்லாம் வெள்ளைப் பொட்டு. விறாந்தையில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

பஞ்சைப் படிய வைத்து, கொஞ்சம் அமத்தி, மெதுவாக ஓடவிட வேண்டும் என்று அடி பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் மெசின் என்னை இழுத்தது, பிறகு நான் அதை இழுத்தேன். துணியால் துடைத்துப் பார்த்தால், மங்கலுக்குக் கீழே பழைய சிவப்பு கிடந்தது. எனக்கு அப்படியொரு சந்தோசம். மெழுகை அள்ளிப் பூசினேன். மெல்லிசாகப் பூச வேண்டுமாம். அது காய்ந்து திட்டுத் திட்டாக நிற்க, கை நோகத் தேய்த்து எடுத்தேன். பொனற்றில் மாமரம் இலை இலையாகத் தெரிந்தது. அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. இது என் வேலையின் பளபளப்பா, மெழுகின் பளபளப்பா என்று ஒரு மூலையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

வலப்பக்கம் முடிந்தது. பிறகு இடப்பக்க முன்கதவுக்குப் போனேன். விறாந்தையில் கதிரை கிரீச்சிட்டது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் மெசினை ஓடவிட்டுப் பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். பஞ்சு சிவந்திருந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. தம்பி சொன்னபடி பெயின்றை எரித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கதவைத் துடைத்தேன், எரிந்த இடம் ஒன்றும் இல்லை. புதுத் துணி எடுத்து, மெசின் இல்லாமல் கையாலேயே மெதுவாகத் தேய்த்தேன். துணியும் சிவப்பு. பொனற்றுக்குப் போய் அதே மாதிரித் தேய்த்தேன். அங்கே துணியில் வெள்ளைப் பசை மட்டும்தான்.

வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கொம்பனியில் அடித்த பெயின்றுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், இந்த மாதிரிக் காரில் நிறம் துணிக்கு வராது. வந்தால் பிறகு யாரோ அடித்த பெயின்ற். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கதவின் மேல்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரிப் பொருக்குப் பொருக்காக இருந்தது. ரேப்பை உரித்தேன். யன்னல் றப்பரில் பொடிப்பொடியாகச் சிவப்பு. முன் மட்காட்டிலும் அப்படித்தான். இடப்பக்கம், பிள்ளை இருக்கிற பக்கம்.

சிவந்த பஞ்சைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சாப்பாட்டு மேசையில் வெறுமனே இருந்தார்.

“இது என்ன?”

“பொலிஷ்.”

“பொலிஷ் வெள்ளை.”

அவர் பஞ்சைப் பார்க்கவில்லை. “கதவு அடிச்சதெண்டு உமக்குச் சொன்னனான்தானே” என்றார்.

“எப்ப சொன்னீங்கள்?”

“நீர் தோப்பூரிலை நிக்கேக்கை. போனிலை.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பொய் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. தங்கை கால் முறிந்து கிடந்தாள் என்று நான் தோப்பூரில் போய் நின்ற நாட்கள். ஒரு பொழுதுபட்ட நேரம் அழைப்பு எடுத்தார். லைன் விட்டு விட்டுக் கேட்டது. “கதவு அடிச்சுப்போட்டுது” என்றார். கச்சான் காற்று வீசுகிற காலம். எங்கள் பின்கதவு காற்றுக்கு அடித்து அடித்து ஒருநாள் பிணைச்சலே கழன்றது. “கொக்கியைப் போட்டுட்டுப் படுங்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காற்றுக்கு அடிப்பதும் அடி, மோதினாலும் அடி, பெயின்ற் பூசினாலும் அடி. எங்கள் பாஷையில் கதவுக்கு எத்தனை அடி!

“நீர் ஏசுவீர் எண்டு பயந்துகொண்டுதான் எடுத்தனான்” என்றார். “கொக்கியைப் போடச் சொன்னீர். சரி, கார்க் கதவின்ரை கொக்கியைத்தான் சொல்லுறீராக்கும், ஏசேல்ல எண்டு நானும் விட்டிட்டன். கராச்சிலை குடுத்துப் பெயின்ற் அடிச்சு எடுத்தன். பிள்ளையை அந்தக் கிழமை ஓட்டோவிலை கூட்டிக்கொண்டு போனனான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

“எதிலை அடிச்சது?”

“தெரியாது.”

“தெரியாதெண்டால்? மாடோ? சைக்கிளோ?”

“தம்பலகாமத்தாலை வரேக்கை. இருட்டிக்கொண்டு வந்தது. சத்தம்தான் கேட்டது. இறங்கிப் பாத்தன், ஒண்டும் தெரியேல்ல. விடியத் திரும்பப் போய் வாய்க்கால் கரை முழுக்க நடந்து பாத்தனான். யானை வேலிக் கட்டையொண்டு சரிஞ்சு கிடந்தது. அதுவாத்தான் இருக்கும்.” மேசையை விரலால் தடவினார். “என்ன, அதுவாத்தானே இருக்கும்?”

இப்படி ஒரு கேள்வியை இந்த மனிதர் என்னிடம் கேட்டதேயில்லை. எவ்வளவோ நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்குக் கோபம் இறங்கிப் பயம் மட்டும் மிஞ்சியது. நாளைக்கும் பள்ளிக்கூடம் இருந்தது.

“வாங்கோ” என்று வாசல் படலையடிக்குக் கூட்டிப் போனேன். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மதில்.

“உங்கடை கண் நல்லமெண்டால் அந்த மதிலிலை எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. பிறகு நான் வாயே திறக்க மாட்டன்.”

அவருக்கு முகம் தெளிந்தது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

“இதென்ன பெரிய விசயமே? கணித வகுப்பு. தரம் பத்து, பதினொண்டு. சனி ஞாயிறு. கீழை ரெலிபோன் நம்பர்.” கண்ணைச் சுருக்கவுமில்லை, தடுமாறவுமில்லை. நம்பரையும் கடைசி இலக்கம் வரைக்கும் சொன்னார். “சரிதானே?”

நான் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரி என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது.

“மதிலுக்கு வெள்ளை அடிச்சிருக்கினம்” என்றேன்.

அவர் மதில் பக்கமே திரும்பி நின்றார். ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய் முடிந்ததும் கேட்டார்.

“எப்ப அடிச்சவை?”

“போன கிழமை.”

சட்டைப் பையைத் தடவிக் கார்த் திறப்பை எடுத்தார். என் கையைத் தேடிப் பிடித்து அதற்குள் வைத்தார்.

“நாளைக்குப் பிள்ளைக்கு ஓட்டோ சொல்லும்” என்றார்.