அடுப்பில் வைத்த வார்னிஷ் டின்

அந்த டின்னின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருந்தது. மூடியின் வளையம் அதற்குள் அழுந்தித்தான் உட்காரும். தூரிகையை விளிம்பில் வழிக்கும்போதெல்லாம் வார்னிஷ் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதைத் துடைக்காமல் மூடியைப் போட்டுச் சுத்தியலால் அடித்துவிட்டால், மூடியும் டின்னும் ஒட்டி ஒரே தகரமாகிவிடும். என் மச்சாள் அப்படித்தான் மூடுவார். காற்றுப் புகுந்தால் மிச்சம் பாழாகிவிடும் என்ற பயத்தில் அவர் போடும் அடிகள் பக்கத்து வீடு வரை கேட்கும்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணம் செய்யாதவர். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், நடக்க ஏலாத தாயையும் பார்த்துக்கொண்டு, பழைய தளபாடங்களை வாங்கித் தேய்த்து வார்னிஷ் பூசி விற்றுவந்தார். நான் வேலை பார்த்த கந்தோரை மூடிய பிறகு, உதவிக்கு ஆள் வேண்டுமாம் என்று கணவர் சொல்ல, வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி அங்கே போகத் தொடங்கினேன். விருப்பத்தோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். கோயில் மணியும் செபமாலையுமாக இருந்த அந்த வீட்டுக்குள் நெற்றியில் திருநீறோடு போன மருமகள் நான். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு மச்சாள் வரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு கால்களை நாள் முழுக்கத் தேய்ப்போம், வேலையைத் தவிர வேறெதுவும் கதைக்க மாட்டோம்.

அன்று கிருலப்பனையிலுள்ள ஒரு கலியாண வீட்டுக்கு அலுமாரி போக வேண்டும். பின்னேரம் லொறி வரும். ஒரு கதவு மட்டும் மிச்சம். நிறத்தை மச்சாள் தன் கையாலேயே கலந்திருந்தார், அதே சாயலை இன்னொரு தடவை கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. கலந்ததில் மிச்சம் முழுவதும் அந்த ஒரு டின்னுக்குள் இருந்தது, மூடியோ அசையவில்லை. ஸ்க்ரூட்ரைவரால் நெம்பி நெம்பி விளிம்பு வளைந்ததுதான் மிச்சம். பள்ளத்தில் கொஞ்சம் தின்னர் விட்டு ஊறவைப்போம் என்றேன். அதற்கு நேரமில்லை என்றார். சுடுதண்ணீரில் வைத்தால் இளகிவிடும், ஊறுகாய்ப் போத்தலைத் திறப்பதும் அப்படித்தானே என்றார். வேண்டாம், அது கூடாது என்று சொன்னேன். பதில் வரவில்லை. நான் முற்றத்துக்குப் போய் இழுத்துத் திறக்கும் லாச்சிகளைத் தேய்க்க ஆரம்பித்தேன். சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் மணம் வந்தது. வழக்கமான மணமல்ல, தொண்டையைப் பிடிக்கும் காரமான மணம். குசினி வாசலுக்குப் போனேன். அடுப்பில் சட்டி. சட்டிக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, நடுவில் டின். தட்டையாக இருந்த மூடி நடுவில் உப்பி எழும்பியிருந்தது. கீழே நீலச் சுவாலை. மச்சாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சட்டியைத் தூக்கப் போய்க்கொண்டிருந்தார்.

என் கணவருக்குக் கொலன்னாவையில் பெற்றோலிய எண்ணெய் சேமிக்கும் குதத்தில் வேலை. பற்றுவது எண்ணெய் அல்ல, அதிலிருந்து எழும்பும் ஆவிதான் என்று அவர் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த நேரம் எனக்கு அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“தொடாதேங்கோ மச்சாள். வெளியில வாங்கோ.”

காஸ் சிலிண்டர் வெளியே, பின்சுவரோடு இருந்தது. ஓடிப்போய் அதை மூடினேன். திரும்பி யன்னல் வழியாகப் பார்த்தபோது சுவாலை சுருங்கி அணைந்துவிட்டிருந்தது. ஆனால் டின்னின் சூடு தணியவில்லை, மூடியின் ஓரத்தால் ஆவி சீறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் முன்னறை நினைவுக்கு வந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் மாமி, மச்சாளின் தாய், எந்நேரமும் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருப்பார். குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சீலைத் திரை மட்டும்தான்.

மச்சாளுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். நான் வாசலைச் சுற்றி முன்னறைக்குள் நுழைந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே நின்றார். அது நேர்த்திக்கடன் திரி, அணைக்கக் கூடாது என்று மாமி கையை நீட்டி மறித்தார். மச்சாள் தாயோடு வாதாடவில்லை. எரிகிற திரியை விரல்களால் நசுக்கினார். நான் பழக்கதோஷத்தில் ஃபேன் சுவிச்சுக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் இழுத்துக்கொண்டேன்; சுவிச்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். மாமியைக் கதிரையோடு தூக்கி இரண்டு பேருமாக ஒழுங்கைக்குக் கொண்டுவந்தோம்.

முன்வீட்டுச் சிங்கள ஓட்டோக்காரர், நாங்கள் அய்யே என்று கூப்பிடுபவர், என்னவோ ஏதோவென்று சிகரெட்டோடு வந்தார். அதை வீசச் சொல்லி மச்சாள் சிங்களத்தில் சொன்னார். அவர் ஏனென்று கேட்கவில்லை. செருப்பால் மிதித்து அணைத்துவிட்டு, ஒழுங்கைக்குள் வந்தவர்களை மறித்துக்கொண்டு நின்றார்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. உச்சி வெயில். மாமி வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பதை நான் பிந்தித்தான் கவனித்தேன். விரல் நுனிகளில் மெழுகு ஒட்டியிருந்தது.

“பயமா இருக்குதோ உமக்கு?” என்று கேட்டார்.

அதுவரை என்னை ‘நீங்கள்’ என்றே கதைத்தவர். வேற்றாளிடம் காட்டும் மரியாதை அது. ‘உமக்கு’ என்பது வீட்டாளிடம் கதைப்பது.

“ஓம்” என்றேன்.

“எனக்கும்தான்.”

குசினிக்குள் ஒரு வெடிச்சத்தம். மூடி பறந்து கூரைத் தகட்டில் மோதிக் கீழே விழுந்து உருண்டது கேட்டது. எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். தீ வரவில்லை. மணம் மட்டும் அலையாக வெளியே வந்தது. அது முழுக்க அடங்கும்வரை யாரையும் மச்சாள் உள்ளே விடவில்லை. போய்ப் பார்த்தபோது அடுப்பிலிருந்து கூரை வரை சுவர் தேன் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. கிருலப்பனைக்கு அவரே போன் எடுத்து அலுமாரி இன்றைக்கு வராது என்றார். கதவுகள் இரண்டையும் சுரண்டி, புதிதாக நிறம் கலந்து பூசி, பிறகுதான் அனுப்பினோம்.

இன்றும் நாங்கள் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். அந்த வீட்டில் இப்போது சுத்தியல் சத்தம் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் மச்சாள் தின்னர் நனைத்த துணியால் டின்னின் பள்ளத்தைச் சுற்றித் துடைக்கிறார். வாய்க்கு மேலே ஒரு பொலித்தீன் துண்டை விரித்து, மூடியை வைத்து, பலகைத் துண்டால் சுற்றிவர அழுத்துகிறார். அடுத்த தடவை கரண்டிக் காம்பாலேயே திறக்கலாம். வீட்டுக்கு வருபவர்கள் கேட்டால் அதைச் செய்தும் காட்டுகிறார். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இது ஒன்றுமல்ல. அன்று பின்னேரம் நடந்ததுதான்.

செய்தி கேட்டுக் கணவர் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்திருந்தார். குசினிச் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். அக்காவைத் தம்பியிடம் கோள் சொல்லும் நிலையில் அந்த வீட்டில் நான் இருக்கவில்லை. மாமி முந்திக்கொண்டு, வெயில் சூட்டுக்கு டின் தானாக வெடித்துவிட்டது என்றார்.

“தானா வெடிக்கேல்லை, அம்மா” என்றார் மச்சாள். “நான் அடுப்பில வச்சனான். அவ வேணாம் எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. காஸை மூடினதும் அவதான்.”

மச்சாள் தேநீர் போடவென்று கேத்திலை எடுத்தார். திரியை நசுக்கிய விரல்கள் சிவந்திருந்தன, நுனியில் இன்னும் மெழுகு ஒட்டியிருந்தது. நான் கேத்திலை வாங்கிக்கொண்டேன்.