அண்டாவில் இறங்கிய முருகன்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்காரர், அவருடைய மனைவி, அந்த அம்மாவின் அண்ணன், பூஜைக்கு வந்திருந்த குருக்கள், நான், என் மனைவி. தொட்டிலில் தூங்கிய கைக்குழந்தையையும் சேர்த்தால் ஏழு பேர். நான் அவமானப்படப் போகிறேன், அதை எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள் என்று பயந்து பயந்து எண்ணியதால் அந்தக் கணக்கு இன்றுவரை மறக்கவில்லை.

1943ஆம் வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. இடம் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்து, மலையடிவாரத்துத் தெருக்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம்.

எனக்குச் சொந்த ஊர் அம்மையார்குப்பம். தறிக்காரர் குடும்பம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் கால் வைத்தவன் நான். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனபோது, திருப்பதிப் பக்கம் ஒரு பொம்மைப் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தேன். சின்ன வயதிலிருந்தே கையில் கத்தி கிடைத்தால் எதையாவது சீவிக்கொண்டிருப்பவன் என்பதால் வேலை சீக்கிரம் பிடிபட்டது. ஒரு வருஷம் போல அங்கே இருந்துவிட்டுத் திருத்தணிக்கு வந்து, ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, வீட்டில் வைத்துக் கும்பிடுகிற மரச் சாமிகளைச் செதுக்க ஆரம்பித்தேன். அடிவாரத்துத் தேங்காய்க் கடை ஒன்றில் அவற்றை வைத்து விற்றுக் கொடுத்தார்கள்.

நான் கவலைக்காரன். கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். செய்துகொண்டிருக்கும் சாமிக்குக் காது சின்னதாகிவிட்டதோ என்று சாப்பிடும்போது எழுந்து போய்ப் பார்ப்பேன். என் மனைவி எனக்கு அத்தை மகள்; சின்ன வயதிலிருந்தே என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கவலை என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் வீட்டுக்குத் தேவையான கவலையை நானே பட்டுவிடுவதால் தனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பாள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று முந்தின வருஷம் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள் அல்லவா, அந்தக் கூடத்துக்காரர்கள் அப்போது திருத்தணிக்கு வந்த குடும்பம். அந்த வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. தினமும் அரக்கோணம் போய் வருவார். மற்றவர்கள் பயம் தெளிந்து பட்டணத்துக்குத் திரும்பியும் இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் வீட்டில் முருகனை வைத்துக் கும்பிடுகிறேன் என்று அந்த அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். யுத்தத்தில் பித்தளையும் வெண்கலமும் விலை ஏறிப் போயிருந்தன. அதனால் மரத்தில் செய்யலாம், ஆனால் செம்மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு முழ உயரத்தில் வேலோடு நிற்கும் முருகன், கீழே தாமரைப் பீடம். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த வண்டிக்காரரிடம் கட்டை வாங்கினேன். முருகன் நன்றாகவே வந்தார். முகத்தைச் செதுக்கிய அன்று நானே கொஞ்ச நேரம் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டையின் அடிப்பக்கம் உள்ளே வெடித்திருந்தது. பீடத்துக்கு மரம் போதவில்லை. வண்டிக்காரர் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது, பூஜைக்கோ நாள் குறித்துவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் ஒரு மாமரத்துண்டில் பீடம் செய்தேன். தறி நூலுக்குப் போட்டது போக வீட்டில் கொஞ்சம் சிவப்புச் சாயப்பொடி மிச்சம் இருந்தது. அதைக் கரைத்துப் பூசி, எண்ணெய் தேய்த்து, மெழுகு போட்டு மினுக்கிவிட்டேன். சாமிக்கும் பீடத்துக்கும் நிற வித்தியாசம் எனக்கே தெரியவில்லை.

இதை என் மனைவியிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று காலை கிளம்பினேன். வாசலில் நுழைந்ததுமே அந்த அம்மா சாமியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பீடத்தின் மினுமினுப்பைப் பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

குருக்கள் பூஜைக்குச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மனைப் பலகையில் கோலம் போட்டுவிட்டு, பீடத்தில் ஒட்டியிருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தார். வெள்ளைத் துணி. எடுத்துப் பார்த்தால் ரத்தம் மாதிரி சிவப்பு.

பட்டணத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கம்பெனியில் பெரிய உத்தியோகம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கையை நீட்டு" என்றார்.

நீட்டினேன். தறிக்காரன் கை. எத்தனை வருஷச் சாயம். நகக்கண்ணில் ஏறினது ஏறினதுதான், எந்தச் சீயக்காய்க்கும் போகாது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? புடவைக்குப் போடற சாயத்தை சாமிக்குப் போட்டுக் கொண்டாந்திருக்கான். இது செம்மரமும் இல்ல, சந்தன மரமும் இல்ல. ஏதோ அடுப்புக் கட்டை."

வீட்டுக்காரர் நல்ல மனிதர். கொஞ்சம் பொறுங்கள் என்றார். அந்த அண்ணன் பொறுக்கவில்லை. நேரே அடிவாரத்துக்குப் போய், தேங்காய்க் கடைக்காரரிடமும் மற்றக் கடைக்காரர்களிடமும் சொல்லி, இந்த ஊரில் இனி ஒருவரும் என் சாமியை வாங்காமல் செய்கிறேன் என்றார். தறி நின்றுவிட்டது, உளியும் போனால் அப்புறம் என்ன செய்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே கிளம்பியது. பீடம் மாமரம் என்று எனக்குத் தெரியும். முருகன்? வண்டிக்காரர் செம்மரம் என்றார், நானும் நிறத்தையும் கனத்தையும் பார்த்து நம்பினேன். மரத்தில் எனக்கு என்ன அனுபவம்? என்னையே ஒருவன் ஏமாற்றியிருந்தால்?

அப்போதுதான் என் மனைவி வாசற்படி ஓரத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தாள்.

"ஒரு அண்டா தண்ணி கொண்டாங்கம்மா" என்றாள். "செம்மரம் தண்ணியில முழுவும். சாதா மரம் மெதக்கும். சின்னப் புள்ளையில என் மரப்பாச்சி கொளத்துல வுழுந்து நேரா அடிக்குப் போயிடுச்சி. நாலு நாள் அழுதுகினு இருந்தேன். மத்தப் பொண்ணுங்க பொம்மையெல்லாம் மேலியே கெடந்துச்சி, அதுங்கள்து செம்மரம் இல்ல."

சாமியைத் தண்ணீரில் போடுவதா என்று அந்த அம்மா பதறினார். குருக்கள் தர்ப்பையை முடிந்தபடியே சொன்னார்: "கண் தொறக்காத விக்ரகம்தானே, தோஷம் ஒண்ணும் இல்லே. புது விக்ரகத்தை ஜலத்திலே வெச்சு எடுக்கறது சாஸ்திரம்தான். நான் எப்படியும் பண்ணச் சொல்லியிருப்பேன்."

புதுச் சிலையைத் தண்ணீரில் வைத்து எடுத்து, கடைசியாகத்தான் கண்ணைச் செதுக்கித் திறப்பது வழக்கம். அதுவரைக்கும் அது வெறும் மரம்தான். அண்டாவைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்து, கிணற்றுத் தண்ணீரைக் கழுத்து வரைக்கும் நிரப்பினார்கள்.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"சாமியும் போடுங்க, பீடமும் போடுங்க. ஒண்ணு மெதந்தாலும் இந்த ஊர்ல இனிமே எங்க உளிச் சத்தம் கேக்காது. நாங்களே மூட்டையக் கட்டிக்கினு போயிடறோம்."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எனக்காக அவள் பேசுகிறாள், பீடம் மிதக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதுவரை பேசாமல் இருந்தால் விஷயம் அப்படியே போய்விடும் என்று நினைத்திருந்தேன். இனிமேல் பேசாமல் இருந்தால் பொய்க்காரி ஆவது அவள்.

பேசினேன். எந்தத் தைரியத்தில் பேசினேன் என்று இன்றுவரை தெரியாது.

"அம்மா, பீடம் மாமரம். மரம் பத்தலை. அதுக்குச் சாயம் போட்டது நான்தான். சொல்லாம வுட்டது என் தப்பு. ஆனா சாமிக்கு ஒரு சொட்டுச் சாயம் போடலை. சாமி செம்மரம்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுத எனக்குப் படிப்புப் போதாது.

"இப்ப வேற கதை" என்று சிரித்தார் அந்த அண்ணன். முதலில் பீடத்தைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். அது உருண்டு நிமிர்ந்து ஓடம் மாதிரி சுற்றி வந்தது. சுற்றின இடமெல்லாம் தண்ணீர் வெளிர்ச் சிவப்பானது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துக்கொண்டு முருகனை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

'தொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அண்டாவின் அடியில் பித்தளையில் கனமாக எதுவோ உட்காருகிற சத்தம். கண்ணைத் திறந்தேன். தண்ணீருக்கு மேலே ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தால் என் முருகன் அடியில் மல்லாந்து படுத்து, வேலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. கையை விட்டு முருகனை மேலே கொண்டுவந்து மறுபடி விட்டார். மறுபடியும் 'தொக்'. மூன்றாவது தடவை அவர் குனிந்தபோது வீட்டுக்காரர், "போதும் மச்சான், கொழந்த எழுந்துக்கும்" என்றார். குருக்கள்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்த அம்மா. பிறகு எல்லோரும். நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்.

அந்த அம்மாவே முருகனை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். கண் திறக்கச் சொன்னார். பீடத்துக்குப் பதில் கோலம் போட்ட மனைப் பலகையிலேயே இருக்கட்டும் என்றார். நான் சின்ன உளியை எடுத்தேன். கத்தியின் முனை மாதிரி மெல்லிய ஒரு கோடு, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற நான் அந்த இரண்டு கோட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியின் முதல் பார்வைக்குக் கண்ணாடியைக் காட்டினார் குருக்கள். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு கத்தியது. நல்ல சகுனம் என்றார்கள்.

வீட்டுக்காரர் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். செம்மரத்தில் பீடம் செய்து தருகிறேன், அதற்கு ஒரு காசும் வேண்டாம் என்றேன். சொன்னபடி அடுத்த மாதம் கொண்டுபோய் வைத்துவிட்டும் வந்தேன்.

அன்று வெளியே வந்ததும் என் மனைவி எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தாள். தெரு திரும்பும் இடத்தில் நின்றாள்.

"இன்னா பாவா, இனிமே பொய் சொல்றதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லு. எந்தப் பக்கம் முட்டுக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அப்புறம் இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம்.

அந்தச் சேதி எங்களுக்கு முன்னாலேயே அடிவாரத்துக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த தைக்குள் என் கையில் பதினோரு சாமிக்கு வேலை. எது எந்த மரம் என்று யாரும் கேட்கும் முன்பே நானே சொல்லிவிடுவேன். மாமரம் என்றால் மாமரம், வேம்பு என்றால் வேம்பு. வாங்குகிறவர்கள் குறைந்ததே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இன்னும் கவலைப்படுகிறேன். இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்றுகூட மூன்று நாள் கவலைப்பட்டேன். மரத்தைப் பற்றி மட்டும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்குக் கவலை இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த அண்ணன் ஊருக்குக் கிளம்பும் முன் எங்கள் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் செம்மரத்தில் ஒரு பிள்ளையார் வேண்டும் என்றார். ஏழு ரூபாய் பேசி இரண்டு ரூபாய் முன்பணம் கொடுத்தார். பிள்ளையாரை முடித்து அவருடைய தங்கை வீட்டில் கொடுத்தேன், அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார், மீதியை மணியார்டரில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அனுப்பவில்லை. மறந்திருப்பார், யுத்த காலம், யாருக்கு என்ன கஷ்டமோ. நானும் ஒரு கடுதாசி போட்டுக் கேட்கவில்லை. ஒரு பீடத்தை மறைத்தவன் நான், எனக்கும் பெருந்தன்மை வேண்டாமா? ஆனால் மனசு சோர்ந்துபோகிற நாட்களில் அதை நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன்: ஏழு பேர் நடுவில் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்ன மனிதர் எனக்கு இன்றைக்கும் தர வேண்டிய பாக்கி, ஐந்து ரூபாய்.