கம்ப்யூட்டர் கேட்ட உத்தரவு

2003-ம் ஆண்டு, தீபாவளி முடிந்து ஊரெல்லாம் கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்த நேரம். ஆரணியில், பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் சேத்துப்பட்டு போகும் வழியில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நடப் போகிறவர்கள். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு ஏறுவார் அப்பா. அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய், காலேஜையும் முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, மறைக்க மாட்டேன்.

நெசவு பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புடவையில் வரும் அன்னம், மாங்காய், கொடி எல்லாம் தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில்தான் இருக்கின்றன. அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ, அந்த இடத்து இழை மேலே எழும். துளை மாறினால் அன்னத்தின் கழுத்தே காணாமல் போகும். நெய்த பிறகு அதைத் திருத்த முடியாது. பட்டும் ஜரிகையும் வீண்தான்.

எந்த அட்டையில் எங்கே துளை என்று கணக்குப் போடும் வேலையை எங்கள் கடையில் ஓர் எக்செல் ஃபைல் செய்தது. பெங்களூர்க்காரர் ஒருவர் செய்து கொடுத்தது. கட்டங்களில் நிறம் நிரப்பிப் படத்தை முடித்து, ஒரு பட்டனை அமுக்கினால் போதும். குத்த வேண்டிய இடத்துக்கு ஒன்று, விட வேண்டிய இடத்துக்குப் பூஜ்யம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிடும். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருந்து வேலை செய்வதற்குப் பெயர் மேக்ரோ.

மேக்ரோ உள்ள ஃபைலைத் திறந்தாலே ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நிற்கும். இதில் மேக்ரோ இருக்கிறது, மேக்ரோவில் வைரஸ் இருக்கலாம், அனுமதிக்கட்டுமா வேண்டாமா என்று கேட்கும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதன் உதவிப் பக்கங்களை முழுக்கப் படித்திருந்தேன். செக்யூரிட்டியில் மூன்று நிலை. முதலாளிக்கு நான் இப்படிச் சொல்லி வைத்திருந்தேன்: "ஹைல வெச்சா நம்ம வீட்டு ஆளையே உள்ள விடாதுண்ணா. லோல வெச்சா வர்றவன் போறவன் யாரையும் கேக்காது. மீடியம்தான் வாசல்ல நின்னு யாருன்னு கேட்டுட்டு விடும்."

முதலாளி ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்டுக்கொள்வார். மீடியத்திலேயே இருக்கட்டும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஒரு நெசவாளி அண்ணன் வந்ததிலிருந்து பிரச்சினை ஆரம்பித்தது. வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்காகக் கல்யாணப் புடவை நெய்தவர். தை மாதம் அவருடைய மகளுக்கே கல்யாணம். அவளுக்கான புடவையைத் தன் தறியிலேயே நெய்யப் போகிறார். முந்தானையில் ஜோடி அன்னம் வேண்டும் என்று கேட்டிருந்தார். படத்தை முடித்துவிட்டு வரச் சொன்னோம். நல்ல நாள் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். தட்டைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, "தொறம்மா" என்றார்.

திறந்தேன். அன்னம் வரவில்லை. பெட்டி வந்தது.

"இன்னா எழுதிகீது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். "வை... ரஸ்."

"வைரஸ்னா காய்ச்சல்தான?" என்றார் அண்ணன்.

"அது வேற வைரஸுண்ணா" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணப் பொடவைய தொறக்கும்போதே நோய் பேரு வருதேம்மா. இன்னிக்கு வேணாம். வேற நாள் பாத்துகினு வரேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு, அன்னத்தைப் பார்க்காமலே போய்விட்டார். முதலாளிக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அடுத்த முறை அவர் வருவதற்கு முன்பே நான் ஃபைலைத் திறந்து வைத்துவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

ஆனால் அடுத்த முறை அவர் வந்த நாளில் நான் கடையில் இல்லை. படவேட்டில் எங்கள் உறவில் ஒரு மொட்டை, காதுகுத்து. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிய ஊர். மறுநாள் கடைக்கு வந்து ஃபைலைத் திறந்தால் பெட்டி வரவேயில்லை. நேராக அன்னம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முதலாளி சிரித்துக்கொண்டு நின்றார்.

"நீ எங்க அமுக்குறன்னு பாத்துகினுதான இருந்தேன். நானே லோல வெச்சேன். பொட்டியே வரல. அவுரு கண்ல தண்ணி வுட்டுட்டாரும்மா, அன்னத்தப் பாத்து."

கம்ப்யூட்டரில் அவர் தன் கையால் செய்த முதல் காரியம் அது. ஐம்பது வயது மனிதர், பரீட்சையில் பாஸான பையனைப்போல நின்றார். அதை உடனே மாற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புடவை வேலை முடியட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அண்ணன் ஒரு பிளாப்பி கொண்டுவந்தார். கரைக்கு மட்டும் அவருடைய பழைய மாங்காய் டிசைனே வேண்டுமாம். அது மார்க்கெட் பக்கம் உள்ள இன்னொரு டிசைன் கடையில் போட்டது. பிளாப்பியில் இருந்ததைத் திறந்தேன். எந்தக் கேள்வியும் வரவில்லை. கரையை எடுத்து எங்கள் ஃபைலில் சேர்த்து, பட்டனை அமுக்கி, பிரிண்ட் எடுத்தேன். எங்கள் ஆள் அட்டை குத்தி முடித்தார். மாலையில் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரம், அப்போது நெசவைத் தொடங்கப் போவதாகச் சொன்னார்.

மறுநாள் நான் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். அந்த மார்க்கெட் கடையில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் என்று பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஞாபகம். பேசியதில்லை. எங்கள் வாடிக்கையைப் பறிக்கிற கடை என்று அவர்கள்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கசப்பும் உண்டு. மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

"அக்கா, எங்க கடை பிளாப்பி ஒண்ணு வந்துச்சா? தொறந்துட்டீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"எங்க மிஷின்ல மேக்ரோ வைரஸ் பூந்துருக்குது. படத்தத் தொடாதுக்கா. நம்பர மட்டும் அங்கொண்ணு இங்கொண்ணு மாத்தி வுட்டுடுது. ஒரு பொடவ நெய்ஞ்சப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்க முதலாளி சொல்லிட்டாரு. அந்தண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குன்னு பிளாப்பி வாங்கிகினு உங்க கடைக்குப் போறேன்னாரு. ராத்திரி தூக்கமே வரல."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் அவளை நம்பவில்லை. எங்கள் வேலையைக் கெடுக்க வந்திருக்கிறாளோ, எங்கள் ஃபைலைப் பார்க்க வந்திருக்கிறாளோ என்றுதான் தோன்றியது. "எங்க மிஷின்ல அதெல்லாம் வராது" என்றுகூடச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "வரலன்னா சந்தோஷம்க்கா. ஒரே ஒரு பக்கம் பாத்துடுங்க. நான் உள்ள வரல, இங்கியே நிக்கறேன்" என்றாள்.

வாசலிலேயே நின்றாள். நான் போய்ப் படத்தையும் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பக்கம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில், அன்னத்தின் அலகு வர வேண்டிய இடத்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பூஜ்யம். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஆகியிருந்தது.

முதலாளி இன்னும் வரவில்லை. எனக்குச் சைக்கிள் இல்லை. "ஏறுங்கக்கா" என்றாள். படத்தின் கலர் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் காயவைத்திருந்தவர்கள் எங்களைத் திட்டத் திட்ட, ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.

நாங்கள் போனபோது அட்டைகளைக் கோத்து மேலே ஏற்றியாகிவிட்டது. தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணிப் புகை நிறைந்திருந்தது. அண்ணன் தறிக்குக் கீழே உள்ள குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பெண் ஒரு மூலையில் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நெய்யாதீங்க" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நேரம் குறிச்சி ஒக்காந்தப்புறம் நெய்யாம எழுந்திருக்கறதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவரால் நெய்யவும் முடியாது, எழவும் முடியாது. நான் அப்போதுதான் அதை யோசித்தேன். தவறான அட்டையில் நெய்தால் மகளின் புடவை பாழ். குறித்த நேரத்தில் நெய்யாமல் எழுந்தால், அந்தக் கல்யாணம் முடியும்வரை அவருக்கு நிம்மதி இருக்காது.

கல்யாணப் பெண் தாரைக் கீழே வைத்துவிட்டு, "என் பொடவைக்குக் காய்ச்சலாப்பா?" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவள் அம்மாவைத் தவிர.

அண்ணனின் மனைவி, அந்த அக்காதான் வழி சொன்னார். "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறீங்க. ஆரம்பிக்கறதுதான முக்கியம். அட்டைய தொடாத, வெறும் குறுக்கு ஊடை நாலு எழை ஓட்டிட்டு எறங்கு. பொடவ ஆரம்பிச்சாச்சு. மிச்சத்த அட்டை சரியானப்புறம் ஓட்டிக்க."

அண்ணன் மேலே தொங்கிய அட்டைகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு, குறுக்கே நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளினார். சாயம் மின்னும் சிவப்பில் நாலு இழை விழுந்தது. எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு கோத்த அட்டைகளை இறக்கித் தரையில் பரப்பினோம். கம்ப்யூட்டரை இனி நம்ப முடியாது. படம் மட்டுமே சரி. சைக்கிளில் என்னைக் கூட்டி வந்தவள் படத்தைப் பார்த்து "குத்து, குத்து, விடு, குத்து" என்று கட்டம் கட்டமாகப் படிப்பாள். நான் அட்டையைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். மாறியிருந்தால் தனியே வைப்பேன். தொண்டை வறண்டதும் நான் படிக்க அவள் பார்த்தாள். நடுவில் அந்த அக்கா இட்லியும் காபியும் கொடுத்தார். முதலாளி விஷயம் கேட்டு ஓடி வந்தார். அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் லோல வெச்சதாலதாம்மா" என்றார்.

"நீங்க அவரு மனசு நோவக் கூடாதுன்னுதானண்ணா வெச்சீங்க" என்றேன். அடுத்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

சாயங்காலத்துக்குள் மாறிய அட்டைகளையெல்லாம் பிரித்துவிட்டோம். கையடக்கக் கட்டுதான். அவற்றை மட்டும் புதிதாகக் குத்தி, நடுநடுவே கோத்துக் கொடுத்தோம். தை மாதம் நான் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முந்தானையில் ஜோடி அன்னம், அலகோடும் கழுத்தோடும் இருந்தது. பெண் என்னைக் கண்டதும் முந்தானையைத் தூக்கிக் காட்டி, "காய்ச்சல் வுட்டுடுச்சுக்கா" என்றாள்.

வேலூரிலிருந்து ஆள் வந்து எங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபிறகு, செக்யூரிட்டியை மீடியத்தில் வைத்தேன். மறுபடியும் யாராவது பெட்டியைப் பார்த்துப் பயந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளியே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அடுத்து டிசைன் பார்க்க வந்தவரிடம், பெட்டி வந்ததும், "பயப்படாதீங்க, கம்ப்யூட்டரு உத்தரவு கேக்குது. நீங்களே குடுங்க" என்று மவுஸை அவர் கையில் கொடுத்தார். கோவிலில் பூ போட்டு உத்தரவு கேட்டுப் பழகிய ஜனங்கள் அல்லவா. அவர் மிகுந்த பக்தியோடு அமுக்கினார். அதன்பிறகு பெட்டி வராவிட்டால்தான், "இன்னாம்மா, இன்னிக்கு உத்தரவு கேக்கலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பிளாப்பி விஷயம் சொல்ல வந்த அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. அவளே தன் முதலாளியிடம் போய், நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, எங்கள் கடையில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க கடையில சேந்தா, அதுக்காகத்தான் வந்து சொன்னேன்னு ஆயிடும்க்கா" என்று என்னிடம் சொன்னாள். சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் ஊரைத் தாண்டித்தான் அந்தப் பஸ் போகும். கூட்டத்தில் அவள் முகம் தெரிகிறதா என்று வெகுநாள் பார்த்திருக்கிறேன்.

இன்று எனக்குச் சொந்தமாக ஒரு டிசைன் கடை இருக்கிறது. அப்பா வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் என் படிப்பைப் பற்றிப் பேசுவார். ஃபைலைத் திறந்ததும் அந்தப் பெட்டி வந்து, உள்ளே விடட்டுமா வேண்டாமா என்று கேட்கும்போதெல்லாம், வேலை போகும் என்று தெரிந்தே வந்து, உள்ளே வராமல் எங்கள் வாசலிலேயே நின்றவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அன்று ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வந்ததே, அதுதான் நான் படித்த படிப்பிலேயே பெரியது என்று இப்போது தோன்றுகிறது.