சத்தமே இல்லாத தெரு

செவ்வந்தியை இனியன் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் சண்டைக்கு வந்திருந்தாள். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் அவன் வேலை பார்க்கும் மொபைல் கடையில், முந்தின வாரம் வாங்கிப்போன வயர்லெஸ் ஹெட்செட்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். ஓங்கி வைத்திருந்தால்கூட அவனுக்குத் தேவலை. மெதுவாக வைத்தாள்.

"டிகிரி படிச்ச புள்ள, நல்லதாதான் காட்டுவன்னு நம்பி வாங்கினு போனேன் தம்பி."

அது சுருக்கென்று தைத்தது. காடாம்புலியூரில் முந்திரிக்காட்டுக் கூலிக்குப் போகிற குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். பட்டமளிப்பு போட்டோவை அப்பா சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருந்தார். படித்தவன் கொடுத்த பொருள் கெட்டது என்று ஒருத்தி நாலு பேர் முன்னால் சொல்வதா?

உட்கார வைத்து விசாரித்தான். வடலூரில் ஒரு பல் டாக்டரிடம் வருஷக்கணக்காக ரிசப்ஷனில் இருந்தவள். வண்டியிலிருந்து விழுந்து முட்டி உடைந்தபின் பஸ் ஏற முடியவில்லை. வருகிறவர்களிடம் தன்மையாகப் பேசுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலைக்குச் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் எடுத்தது. எல்லாம் தேறி, கடைசியாகப் பேச்சுத் தேர்வு. அதை நடத்திய அதிகாரி பாதியிலேயே நிறுத்தி, எந்த மில்லுக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, நாளைக்குப் பதினோரு மணிக்கு.

"எங்க தெருவுல சத்தமே கெடையாது. பக்கத்து வூட்டு திலகவதிகிட்ட போன் போட்டுக் கேட்டேன், எதுர் வூட்லயும் கேட்டேன். கிளியரா இருக்குதுன்றாங்க. அப்ப கோளாறு இதுலதான?"

மறுநாள் காலை, வாய்க்கு நேரே மைக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் வேறொரு ஹெட்செட்டோடு அவள் வீட்டுக்குப் போனான். ஊரின் கடைசித் தெரு. வண்டியை நிறுத்தியதுமே காதில் இரைச்சல் மோதியது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்து மண்ணை ஏற்றிக்கொண்டு கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ சத்தத்துல எப்படிக்கா பேசுவீங்க?"

"எந்தச் சத்தம்?"

அவள் விளையாடவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த திலகவதியும் நிமிர்ந்து, என்ன கேட்கிறான் இவன் என்பதுபோலத்தான் பார்த்தாள். இனியன் சுவரைக் காட்டினான்.

"பெல்ட்டா? அது எப்பவும் ஓடிக்கினுதான இருக்கும். அத போயி சத்தம்ன்ற" என்றாள் செவ்வந்தி.

சாட்சி சொன்னவர்கள் எல்லாருமே இந்தத் தெருக்காரர்கள். இவர்களைக் கேட்டுப் புண்ணியமில்லை. ஊரில் இருக்கும் தங்கை பவித்ராவுக்குப் போன் போட்டு, இந்த அக்கா பேசுவதைக் கேட்டு உள்ளதை உள்ளபடி சொல் என்றான்.

"ண்ணா, மொபைல் கடையிலிருந்து ரைஸ்மில்லுக்கு மாறிட்டியா?" என்று ஆரம்பித்தாள் அவள்.

பழையதைப் போட்டுப் பார்த்தார்கள், புதியதைப் போட்டுப் பார்த்தார்கள். புதியது எவ்வளவோ மேல். உள் அறைக்குப் போய், ஜன்னலில் மெத்தையைச் சாத்தியதும் இன்னும் குறைந்தது. ஆனாலும் பவித்ரா விடவில்லை. "பேசறப்ப தேவல. அவங்க வாய மூடுனா மில்லு வாயத் தொறக்குது."

பேச்சு நின்றதும் மைக் வேறு சத்தத்தைத் தேடி இழுக்கிறது. புதியதில் குரலை அடைக்க ஒரு பட்டன் இருந்தது. எதிராளி பேசும்போது அமுக்க வேண்டும், தான் பேசுமுன் மறுபடி அமுக்கித் திறக்க வேண்டும். செவ்வந்தி திறக்க மறந்து மறந்து யாருக்கும் கேட்காமல் பேசினாள். தேர்வு நேரம் வரும்வரை அமுக்கி அமுக்கிப் பழகினாள்.

போன் வந்தது. அதிகாரி கோபக்கார வாடிக்கையாளராக நடித்துக் கத்த வேண்டும். இவள் சமாளிக்க வேண்டும். அதுதான் தேர்வு. அவர் பேச்சு இனியனுக்குக் கேட்கவில்லை; அவள் குரல் கேட்டது, கட்டைவிரல் பட்டனில் போய்வருவது தெரிந்தது, அவ்வளவுதான். ஒருமுறைகூடத் தவறவில்லை.

திடீரென்று இரைச்சல் அடங்கியது. பெல்ட் நின்றுவிட்டது. நல்ல காலம் என்று இனியன் மூச்சு விட்டான்.

செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தபிறகுதான் அது நல்ல காலமில்லை என்று தெரிந்தது. ஓடும்போது கேட்காத பெல்ட், நின்றது அவளுக்குக் கேட்டிருந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. அவள் புருஷன் கலியமூர்த்தி அந்த பெல்ட்டில்தான் காண்ட்ராக்ட் வேலை செய்கிறான். அன்றைக்கு முதல் ஷிப்ட். நேரங்கெட்ட நேரத்தில் பெல்ட் நின்றால் கீழே ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுதான் அந்தத் தெருவின் முதல் நினைப்பு.

எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தான். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, வாசலைப் பார் என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். குரல் மட்டும் மாறவில்லை. "உங்க கஷ்டம் புரியுது சார். ஆஸ்பத்திரி பில் நம்பரைச் சொல்லுங்க, நான் பாக்கறேன்."

வெளியே பெண்கள் எல்லாரும் போனும் காதுமாக நின்றார்கள். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில், அதே ஷிப்டில் இருந்த திலகவதியின் புருஷன்தான் எடுத்தான். பெல்ட் கிழிந்துவிட்டது, ஒட்டுப் போடுகிறார்கள், கலியமூர்த்தியும் கூடத்தான் நிற்கிறான், யாருக்கும் ஒன்றும் இல்லை.

இனியன் உள்ளே ஓடி, ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினான். அவள் பட்டனை அமுக்கினாள். அதன்பிறகுதான் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. அந்தப் பக்கம் அதிகாரி இன்னும் கத்திக்கொண்டிருக்க வேண்டும். முகத்தைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள், பட்டனை அமுக்கித் திறந்தாள்.

"சொல்லுங்க சார். கேட்டுட்டுதான் இருக்கேன்."

முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை இடம் நல்ல அமைதியாக இருந்தது, திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளுங்கள் என்று அதிகாரி சொன்னாராம். அதைச் சொல்லிக்கொண்டே கலியமூர்த்திக்குப் போன் போட்டாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வந்தி அதே கம்பெனியில் வேலை செய்கிறாள். போன மாதம் பெர்மனன்ட் ஆக்கியிருக்கிறார்கள். கலியமூர்த்தி இன்னும் காண்ட்ராக்ட்தான். வீடும் அதே வீடுதான்.