புத்தருக்கு முதுகைக் காட்டி நின்றேன்

நான் திண்டுக்கல்காரி. கண்டியில் படிக்கிறேன். போன விடுமுறையில் அண்ணனும் தங்கையும் என்னைப் பார்க்க வந்தார்கள். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் நான் ஒரு வருடமாகத் தங்கியிருக்கும் வீட்டு ஆன்ட்டி, எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். தங்கையை மட்டும் வந்த அன்றே "மகள்" என்று கூப்பிட்டு, சமையலறையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஊர் சுற்றினோம். ஏரிக்கரையிலும் மலைமேல் இருக்கும் வெள்ளைப் புத்தர் சிலையருகிலும் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிக்க, படமெடுப்பது என் வேலையானது. ஒரு கட்டத்தில் போனை அண்ணனிடம் திணித்துவிட்டு, சிலைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"அக்கா, அப்படி நிக்காத, திரும்பு" என்றாள் தங்கை.

நான் இருக்கும் ஊரில் எனக்கே சொல்லித் தருகிறாளா என்று நான் அசையவில்லை. அண்ணன் அப்படியே படமெடுத்துவிட்டான். உடனே காவலாளி வந்து சிங்களத்தில் சத்தம் போட்டார். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பழகிய சிங்களம் ஒன்றும் வாயில் வரவில்லை. தங்கைதான் கைகூப்பி, "சமாவென்ன" என்று மன்னிப்புக் கேட்டாள். படத்தை அழிக்கச் சொல்லி அவர் எங்களை விட்டுவிட்டார்.

"புத்தருக்கு முதுகு காட்டிப் படமெடுத்தா அவமரியாதையாம். ஆன்ட்டிதான் சொன்னாங்க" என்றாள்.

இப்போது எங்கே கிளம்பினாலும், முதலில் சமையலறையில் உட்கார்ந்து ஆன்ட்டியிடம் விசாரித்துக்கொள்கிறேன். என்னையும் "மகள்" என்கிறார். ஆனால், "தங்கச்சி எப்ப வர்றாங்க?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்.