மகளைக் குறைத்துச் சொன்னால்தான் பெனிபிட்

போன சனிக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், தூரத்தில் இருந்த வாசுகியைக் கண்ணால் காட்டிச் சொன்னார்:

"உவையளுக்கென்ன குறை? பிள்ளைக்குக் காது கேளாதெண்டு அரசாங்கம் பெனிபிட் காசு குடுக்குது. சும்மா வருது!"

சும்மாவா?

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கூடவே போனவள் நான்.

வாசுகி என் பக்கத்து வீட்டுக்காரி. கணவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். ஒரே மகள் அபிராமி, எட்டு வயது. இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட். அது இருந்தும் சத்தம்தான் விழும்; சொல் பிடிபடாது. சொல்லை அவள் உதட்டைப் பார்த்துத்தான் எடுப்பாள். அதனாலேயே வாசுகி யாரோடு பேசினாலும் வாயை நன்றாகத் திறந்து பேசுவாள். பழகிவிட்டது.

பெனிபிட்டுக்கு விண்ணப்பித்ததும் ஒரு டாக்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் அம்மாக்களைத் தெரியாதா? பிள்ளைக்குப் புதுச்சட்டை. டாக்டருக்கு ரோல்ஸ், தேநீர்.

"டொக்டருக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு, குஞ்சு."

அபிராமி பாடினாள். ராகம் எங்கேயோ போனது... ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை. டாக்டர் கைதட்டிவிட்டுப் போனார்.

சில வாரங்களில் பதில் வந்தது. பிள்ளை நன்றாகச் சமாளிக்கிறாளாம். பெனிபிட் கிடையாதாம்.

அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்க வாசுகிக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. அதை டாக்டர் கேட்டாரா?

அப்பீல் செய்தோம். எங்களுக்கு உதவிய ஆலோசனை நிலையப் பெண் பச்சையாகவே சொன்னார்: மகளால் என்ன முடியும் என்று அங்கே வாய் திறக்காதே. முடியாததை மட்டும் சொல்.

விசாரணை நாள் பள்ளி விடுமுறை. விட்டுவிட்டு வர ஆளில்லை. அபிராமியும் வந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லும் மூன்று பேர். இந்தப் பக்கம் வாசுகி, மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண்மணி. பக்கவாட்டில் நானும், படத்துக்கு வண்ணம் தீட்டியபடி அபிராமியும்.

வாசுகி தலையைக் குனிந்து, வேகமாக முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"நிமிர்ந்து பேசுங்கம்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர். "கொஞ்சம் மெதுவா, தெளிவா."

வாசுகி நிமிர்ந்தாள். தெளிவாகச் சொன்னாள்.

"றோட்டில தனிய விட ஏலாது. கார் வந்தாலும் தெரியாது. ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லோணும். விளங்காட்டிக் கத்துவாள், எனக்கு அடிப்பாள். ஒரு பிள்ளையும் இவளோட விளையாட வாறேல்லை. இவளால நான் வேலையையும் விட்டிட்டன். நான் இல்லாட்டி இவளுக்கு ஒண்டும் ஏலாது..."

அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமை.

பக்கத்தில் பென்சில் ஓடும் சத்தம் நின்றது. திரும்பினேன். அபிராமியின் கண்கள் அம்மாவின் உதட்டில். சட்டென்று முன்னால் சாய்ந்து மறைத்தேன். அவள் என் தோளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். கடைசிச் சொல்வரை பார்த்தாள்.

நாங்கள் வென்றோம். அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். "அழகான பிள்ளை" என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

பஸ் ஸ்டாப்பில் வாசுகி மகளுக்கு முன்னால் குந்தி, அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"அம்மா அங்க சொன்னது பொய், குஞ்சு. நீ கெட்டிக்காரி."

அபிராமி தன் தேய்ந்த உச்சரிப்பில், நிதானமாகக் கேட்டாள்:

"எது பொய் அம்மா? அங்க சொன்னதோ, இப்ப சொல்லுறதோ?"

வாசுகி எழுந்து, பஸ் வருகிறதா என்று பார்த்தாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உதவி செய்கிற நாடு நல்ல நாடுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை முயன்று ஒன்றைக் கற்றால் கையை விரிப்பதும், பெற்றவள் வாயாலேயே அவளைக் குறைத்துச் சொன்னால்தான் கையை நீட்டுவதும்... இதற்கு என்ன பெயர்?

பெனிபிட் இப்போது ஒழுங்காக வருகிறது.

வாசுகி பேச வாயெடுத்தால், அபிராமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் — அம்மாவைக் கேட்காமலிருக்க அவளுக்கு அது போதும்.